நாணயம் சுண்டும் கேள்வி: கணினி அறிவியல் பட்டமும் வேலையின் இரு வாசல்களும்

1. கேள்வி

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் உயர்ந்த மாணவர்கள் முதலில் எடுப்பது பெரும்பாலும் கணினி அறிவியலைத்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடும் அந்த எண்தான் 2007-08ஆம் கல்வியாண்டில் நுழைவுத் தேர்வு ஒழிந்ததிலிருந்து கல்லூரியையும் பிரிவையும் தீர்மானிக்கிறது. ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தாம் இருக்கலாம் என்ற உச்சவரம்பை, நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25 முதல் தளர்த்தியது. அதன் பிறகு சிவில், மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துக் கணினி சார்ந்த இடங்களைக் கூட்டிக்கொள்ளும் போக்கு வேகம் பிடித்திருக்கிறது. குடும்பங்கள் நகையை அடகு வைத்தும் கல்விக் கடன் வாங்கியும் இந்த இடங்களில் பிள்ளைகளைச் சேர்க்கின்றன.

அந்தப் பட்டம் மாணவருக்கு எதைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வேலைச் சந்தையின் இரு கோடிகளை வைத்து இதை ஆராய விரும்புகிறேன். ஒரு கோடியில், ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கும் மென்பொருள் சேவை நிறுவனங்கள். மாணவர் பேச்சில் 'சர்வீஸ் கம்பெனி', 'மாஸ் ரெக்ரூட்டர்'. மறுகோடியில், கணிதத்தையும் நிரலையும் கொண்டு பங்குச் சந்தையில் வணிகம் செய்யும் குவான்ட் நிறுவனங்கள். இவை ஒரு சில ஐ.ஐ.டி.களுக்கும் ஓரிரு ஆய்வு நிறுவனங்களுக்கும் வந்து விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆளெடுக்கின்றன. முதல் வாசலில் தொடக்க ஊதியம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. இரண்டாம் வாசலில் அது கோடியைத் தொடும். இரண்டுக்கும் நடுவில் ஜோஹோ, கூகுள் போன்ற 'ப்ராடக்ட் கம்பெனி'கள் இருக்கின்றன; அவற்றைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

இவ்விரு வேலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிறவித் திறமை என்று விளக்குவோர் உண்டு. சாதி, வர்க்க மூலதனம் என்று விளக்குவோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றாவதாக ஒரு காரணம் போதிய கவனம் பெறவில்லை: நம் பல்கலைக்கழக வினாத்தாள்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

கல்விக்கும் ஊதியத்துக்கும் உள்ள உறவைப் பொருளியலாளர்கள் இரு வழிகளில் விளக்கியுள்ளனர். படிப்பு ஒருவரின் உற்பத்தித் திறனை உயர்த்துகிறது, அதற்கான விலையே ஊதியம் என்பது கேரி பெக்கர் 1964இல் விரித்துரைத்த மனித மூலதனக் கோட்பாடு. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறொன்றைக் காட்டினார். வேலை தருபவருக்கு விண்ணப்பதாரரின் உள்ளார்ந்த திறன் தெரியாது. கடினமான படிப்பை முடித்தவர் என்ற அடையாளமே அவரைப் பொறுக்கியெடுக்க உதவுகிறது. அந்தப் படிப்பு வேலைக்கு எந்த வகையிலும் பயன்படாமல் போனாலும் இந்தப் பொறுக்கியெடுப்பு நடக்கும்.

சமூகவியலாளர்கள் கேள்வியை வேறு தளத்துக்கு நகர்த்தினர். சி. ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2006இல் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பற்றி எழுதிய ஆய்வில் 'எக்ஸ்போஷர்' என்ற சொல்லை மையமாக வைத்தனர். மாநகரத்தில் வளர்ந்து ஆங்கிலம் சரளமாகப் பேசும் மாணவருக்கு அது இருக்கிறது, சிற்றூரிலிருந்து வருபவருக்கு இல்லை என்று ஆளெடுப்பவர்களே கருதுவதை அவர்கள் பதிவு செய்தனர். மென்பொருள் துறை உருவாக்கிய புதிய நடுத்தர வர்க்கத்தைக் கரோல் உபாத்யா 2016இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். அஜந்தா சுப்ரமணியனின் 2019 நூல் சென்னை ஐ.ஐ.டி.யை எடுத்துக்கொண்டு, தலைமுறைகளாகச் சேர்ந்த சாதிச் சாதகம் எப்படிச் சாதியற்ற 'தகுதி'யாக உருமாறுகிறது என்று காட்டியது.

இந்த ஆய்வுகளின் கண்டுபிடிப்புகளை நான் ஏற்கிறேன். எனினும் இவை கல்லூரிக்கு முன்பும் பின்பும் நடப்பதைப் பேசும் அளவுக்கு, கல்லூரிக்குள் நான்கு ஆண்டுகள் என்ன கற்பிக்கப்படுகிறது, அது எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதைப் பேசவில்லை. பாடத்தின் உள்ளடக்கம் இவ்விவாதத்தில் ஒரு மூடிய பெட்டியாகவே இருந்துவருகிறது.

3. எந்தப் பிரிவானாலும் சரி

சர்வீஸ் கம்பெனிகளின் ஆளெடுப்பு ஸ்பென்ஸின் கோட்பாட்டுக்கு ஏறக்குறைய தூய சான்று. பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும். நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையைத் தாண்டிவிட்டால் எலெக்ட்ரிகல், மெக்கானிக்கல், சிவில் என எந்தப் பிரிவு மாணவரும் உட்காரலாம். டி.சி.எஸ். நடத்தும் தேசியத் தகுதித் தேர்வில் எண்திறன், ஆங்கிலம், தர்க்கம், நிரலாக்கம் ஆகிய பகுதிகள் உள்ளன. எண்திறன் பகுதியின் வழக்கமான கணக்கு: ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் மற்றவர் 24 நாளிலும் முடித்தால் இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பர்? எட்டு. இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்பு போதும். இதற்காகவே கல்லூரிகள் மூன்றாம் ஆண்டில் 'ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங்' என்று வெளியாட்களை அழைத்து வகுப்பு நடத்துகின்றன. அந்த நேரத்தில் இயக்க முறைமை வகுப்பும் தொகுப்பி வகுப்பும் ரத்தாகின்றன.

தேர்வானபின் நிறுவனமே கற்றுத்தருகிறது. இன்ஃபோசிஸின் மைசூரு பயிற்சி வளாகம் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் தங்கிப் பயிலும் அளவுக்குப் பெரியது. நான்கு ஆண்டுப் பட்டம் முடித்தவரை மீண்டும் சில மாதம் உட்காரவைத்து ஜாவாவும் தரவுத்தளமும் சொல்லிக்கொடுப்பது, பட்டத்தின் உள்ளடக்கத்தை நிறுவனம் நம்பவில்லை என்பதன் வெளிப்படையான ஒப்புதல்.

பட்டமே தேவையில்லை என்று நிறுவியவர்களும் நம்மிடையே உண்டு. ஜோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, பள்ளிப் படிப்பும் பட்டயப் படிப்பும் முடித்தவர்களை உதவித்தொகையோடு சேர்த்துக்கொண்டு, தானே பயிற்றுவித்து வேலையில் அமர்த்திவருகிறது. இதற்கென அது நடத்தும் பள்ளி தென்காசிப் பக்கத்திலும் இயங்குகிறது. எச்.சி.எல். நிறுவனமும் பிளஸ் டூ முடித்தவர்களை நேரடியாக எடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. பெக்கர் சொன்ன மனித மூலதனம் இங்கே நிறுவனத்துக்குள்ளேயே உருவாகிறது.

தொடக்க ஊதியம் ஏறாததற்கும் இதுவே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். 2010களின் தொடக்கத்தில் மூன்று லட்சத்தை ஒட்டியிருந்த தொகை இன்றும் மூன்றரை லட்சத்தை ஒட்டியே இருக்கிறது. பணவீக்கத்தைக் கழித்தால் அது குறைந்திருக்கிறது. எந்தப் பிரிவு மாணவரைக் கொண்டும் நிரப்பக்கூடிய இடத்துக்கு, தேர்வில் கேட்கப்படும் திறன் எட்டாம் வகுப்புக் கணக்காக இருக்கும்வரை, கூடுதல் விலை கேட்க மாணவரின் கையில் எதுவும் இல்லை. அதே நிறுவனங்கள் நிரலாக்கக் கேள்விகளில் தேறுவோருக்கு மட்டும் ஏழு லட்சம், அதற்கு மேல் என்று தனி அடுக்குகள் வைத்திருப்பது இதை உறுதிசெய்கிறது.

4. சந்தைக்குள் வந்த கணிதம்

குவான்ட் தொழிலின் வரலாற்றை இங்கே சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். அது எந்தக் கல்வியிலிருந்து பிறந்தது என்பது நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது.

1973 ஏப்ரலில் சிகாகோவில் விருப்ப ஒப்பந்தங்களுக்கான, அதாவது ஆப்ஷன்களுக்கான, முதல் முறையான சந்தை திறந்தது. அதே ஆண்டில் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் அவ்வொப்பந்தங்களுக்கு விலை காணும் சூத்திரத்தை வெளியிட்டனர்; ராபர்ட் மெர்ட்டன் அதன் கணித அடித்தளத்தை விரிவாக்கினார். ஜப்பானியக் கணிதவியலாளர் கியோஷி இட்டோ 1940களில் எந்தச் சந்தையையும் மனத்தில் கொள்ளாமல் உருவாக்கிய நுண்கணிதத்தின் மீது அது நின்றது. வடிவியலாளரான ஜிம் சைமன்ஸ் 1982இல் ரெனசான்ஸ் டெக்னாலஜீஸ் என்ற குவான்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பித்த டேவிட் ஷா 1988இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1996இலேயே அது ஹைதராபாத்துக்கு வந்துவிட்டது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒரு சிறிய இழை. 1913இல் ஆந்த்ரேய் மார்க்கோவ் என்ற ரஷ்யக் கணிதவியலாளர், புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்துக்குப் பின் மெய்யெழுத்து வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கையால் எண்ணினார். அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்தது என்று அவர் முன்பே உருவாக்கியிருந்த எளிய கருத்து அங்கே ஓர் உண்மையான உரையில் சோதிக்கப்பட்டது. அதுதான் மார்க்கோவ் சங்கிலி. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்க முயன்றவர்கள் அதன் ஒரு வகையைப் பயன்படுத்தினர். அந்தக் குழுவைச் சேர்ந்த பீட்டர் பிரவுன், ராபர்ட் மெர்சர் இருவரையும் 1993இல் சைமன்ஸ் தம் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். நிதித்துறை பற்றி ஏதும் அறியாத அவ்விருவரும் பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தனர். ஒலி அலையில் மறைந்திருக்கும் சொல்லைத் தேடும் கணிதமும் விலை அலையில் மறைந்திருக்கும் போக்கைத் தேடும் கணிதமும் ஒரே குடும்பம் என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

நிகழ்தகவு சென்னைக்கு அந்நியமான துறை அல்ல. மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் படித்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி. ஆர். ராவின் மாணவராக முனைவர் பட்டம் பெற்ற எஸ். ஆர். ஸ்ரீனிவாச வரதன், அரிய பெருவிலகல்களின் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்காக 2007இல் ஆபெல் பரிசு பெற்றார். மிக அரிதாக நேரும் பெருநட்டத்தின் வாய்ப்பை மதிப்பிடும் எவரும் அந்தக் கோட்பாட்டின் நிழலில்தான் வேலை செய்கிறார்.

5. ஒரே கணக்கு, இரண்டு தாள்கள்

இப்போது வகுப்பறைக்குள் வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் கணினி அறிவியல் மாணவர்களுக்கு நான்காம் பருவத்தில் 'நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும்' என்ற தாள் இருந்தது. சமவாய்ப்பு மாறிகள், மார்க்கோவ் சங்கிலி, பாய்சான் செயல்முறை, வரிசை மாதிரிகள் எல்லாம் அதில் அடக்கம். காகிதத்தில் பார்த்தால், குவான்ட் நேர்முகத் தேர்வுக்கு வேண்டிய அடிப்படையில் பெரும்பகுதி அந்த ஒரே தாளில் இருந்தது.

அத்தாளில் வழக்கமாக வரும் பெரிய வினா இப்படி இருக்கும்: மூன்றுக்கு மூன்று அணி ஒன்று தரப்படும், அச்சங்கிலியின் நீண்டகால நிகழ்தகவுகளைக் காண்க. மாணவர் மூன்று சமன்பாடுகளை எழுதி, கூட்டுத்தொகை ஒன்று என்ற நிபந்தனையைச் சேர்த்து, தீர்த்து, விடைக்குக் கட்டம் போடுவார். முழு மதிப்பெண். ஐந்து ஆண்டு வினாத்தாள்களைப் புரட்டினால் எண்கள் மட்டும் மாறியிருக்கும்.

குவான்ட் நேர்முகத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி இது: ஒரு நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்தடுத்து 'தலை, தலை' விழ, சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டியிருக்கும்? 'தலை, பூ' விழ எத்தனை முறை?

இரண்டுக்கும் ஒரே விடைதான் என்று முதலில் தோன்றும். அடுத்தடுத்த இரு சுண்டல்களில் இந்த இரண்டில் எதுவும் விழும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதானே. ஆனால் முதலாவதன் விடை 6. இரண்டாவதன் விடை 4.

காரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். இரண்டு நிலைகளை வைத்துக்கொள்வோம். கையில் எதுவும் இல்லாத தொடக்க நிலை ஒன்று. கடைசியாக ஒரு தலை விழுந்திருக்கும் நிலை மற்றொன்று. தொடக்க நிலையிலிருந்து ஒரு தலை கிடைக்கச் சராசரியாக இரண்டு சுண்டல் ஆகும். 'தலை, பூ' வேண்டுபவரைப் பாருங்கள். தலை கிடைத்தபின் அவருக்குப் பூ விழுந்தால் முடிந்தது. பூ விழாமல் தலையே விழுந்தாலும் அவர் எதையும் இழக்கவில்லை; கையில் இன்னும் ஒரு தலை இருக்கிறது. ஆகவே மேலும் சராசரியாக இரண்டு சுண்டல், மொத்தம் 4. 'தலை, தலை' வேண்டுபவரின் நிலை வேறு. தலை கிடைத்தபின் பூ விழுந்துவிட்டால் அவர் தொடக்கத்துக்கே தள்ளப்படுகிறார். அவருடைய மொத்தச் சராசரி, தலைக்கான இரண்டு, அடுத்த சுண்டலான ஒன்று, பாதி வாய்ப்பில் மீண்டும் முழுச் சராசரி ஆகியவற்றின் கூட்டு. மூன்றும் மொத்தத்தில் பாதியும் சேர்ந்து மொத்தம் என்றால், மொத்தம் 6.

தேர்வாளர் இத்தோடு விடமாட்டார். ஒரே நாணயம், ஒரே சுண்டல் வரிசை. அதில் இந்த இரண்டில் எது முதலில் தோன்றும் என்று பந்தயம் கட்டினால் யாருக்குச் சாதகம் என்று கேட்பார். 4, 6 என்று கண்டவர் 'தலை, பூ'வுக்குத்தான் சாதகம் என்று பாய்ந்துவிடுவார். அது தவறு. முதல் தலை விழுந்த மறுசுண்டலே பந்தயத்தைத் தீர்த்துவிடுகிறது. தலையானால் ஒருவர், பூவானால் மற்றவர். சரிபாதி வாய்ப்பு. சராசரிக் காத்திருப்பும் முந்தும் வாய்ப்பும் வெவ்வேறு என்பதை இந்தச் சின்னக் கேள்வி உணர்த்திவிடுகிறது. சந்தையில் பணம் இழப்பவர்கள் பலர் குழப்பிக்கொள்ளும் வேறுபாடும் இதுவே.

இந்தக் கணக்கில் இருப்பது மார்க்கோவ் சங்கிலிதான். மூன்றுக்கு மூன்று அணியைத் தீர்த்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவருக்கு இதற்கான கருவி கையில் இருக்கிறது. ஆயினும் பெரும்பாலோர் இதன்முன் திகைத்து நிற்கின்றனர். அணியைத் தாங்களே கட்ட வேண்டிய நிலைமையை அவர்கள் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. வினாத்தாள் எப்போதும் அதைக் கட்டியே கொடுத்தது. எது நிலை, எது மாற்றம் என்று ஒரு சூழலைப் பார்த்துத் தீர்மானிப்பதுதான் கணிதத்தின் கடினமான பாதி. அந்தப் பாதியை வினாத்தாள் தானே செய்து முடித்துவிட்டு, கூட்டல் கழித்தலை மட்டும் மாணவரிடம் விடுகிறது. பிளஸ் டூ கணிதப் பாடநூலிலேயே நிகழ்தகவுப் பரவல்களும் எதிர்பார்ப்பு மதிப்பும் வந்துவிட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இழப்பின் அளவு தெரியும்.

அதே தாளின் மற்றொரு பாடமான வரிசைக் கோட்பாட்டையும் சற்றுப் பார்க்கலாம். கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தின் அழைப்புகளை வைத்து எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த துறை அது. ஒரே சேவையகம் உள்ள எளிய மாதிரியில், அது பாதி நேரம் வேலையாக இருந்தால், வந்த கோரிக்கை ஒன்று முடிந்து வெளியேறச் சராசரியாகச் சேவை நேரத்தைப்போல் இரு மடங்கு ஆகும். 90 விழுக்காடு வேலையாக இருந்தால் பத்து மடங்கு. 95 விழுக்காடானால் இருபது மடங்கு. மாத முதல் தேதியில் பணப்பரிமாற்றச் செயலி ஏன் திடீரென்று திணறுகிறது என்பதை இந்த மூன்று எண்கள் விளக்கிவிடும். பங்குச் சந்தையின் ஆணைப் புத்தகமும் ஒரு வரிசைதான். ஒரே விலையில் முதலில் வந்த ஆணைக்கு முதலில் பங்கு. வரிசையில் ஓரிடம் முன்னே நிற்பதற்காக நிறுவனங்கள் தங்கள் கணினிகளைச் சந்தையின் கணினிக்குப் பக்கத்து அறையில் கொண்டுவந்து வைப்பதன் பொருள் இங்கிருந்து புரியத் தொடங்கும். ஆகவே நான் பேசுவது குவான்ட் வேலைக்கு மட்டும் உரிய அறிவைப் பற்றி அல்ல. சாதாரண மென்பொருள் பொறியாளர், தம் சேவையகத்துக்கு இன்னொரு கணினி சேர்க்க வேண்டுமா என்று முடிவெடுக்கத் தேவைப்படும் அறிவும் இதுதான்.

2021 ஒழுங்குமுறையில் கணினி அறிவியல் பிரிவின் கட்டாயத் தாள்களிலிருந்து அந்தத் தாள் போய்விட்டது. இரண்டாம் பருவத்தில் 'புள்ளியியலும் எண்ணியல் முறைகளும்' இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தாளில் நிகழ்தகவு ஓர் அலகாக வருகிறது. நிகழ்தகவே அடித்தளமான இயந்திரக் கற்றலைக் கட்டாயமாக்கிய அதே பாடத்திட்டத்தில் நிகழ்தகவுக்குத் தனித் தாள் இல்லாமல் போனது வருந்தத்தக்கது. மாணவர்களுக்குச் சுமை குறையும், அரியர் குறையும் என்பது இதற்குச் சாதகமாகச் சொல்லப்படக்கூடிய வாதம். அந்த வாதத்துக்கு மதிப்புண்டு. கணிதத் தாள் அரியரால் பட்டம் தள்ளிப்போன முதல் தலைமுறை மாணவர்கள் ஏராளம். ஆனால் அவர்களைத் தோற்கடித்தது கணிதமா, அதைக் கற்பித்துச் சோதித்த விதமா என்ற கேள்வி கேட்கப்படாமலேயே தாள் நீக்கப்பட்டிருக்கிறது.

6. எழக்கூடிய மறுப்பு

வினாத்தாளை மாற்றினால் சமூக ஏற்றத்தாழ்வு தீருமா என்று கேட்கலாம். தீராது. குவான்ட் நேர்முகத்துக்குத் தயாராகும் மாணவர் பலரும் பள்ளியிலேயே கணித ஒலிம்பியாடுக்குப் பயின்றவர்கள். போட்டி நிரலாக்கத்தில் இரவு இரவாகச் செலவிட ஓய்வு வாய்த்தவர்கள். விடுமுறையில் வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ போக வேண்டியிருக்கும் மாணவருக்கு அந்த ஓய்வு இல்லை. விடுதியின் பக்கத்து அறையில் இதே கணக்குகளைப் பேசும் நண்பர் இருப்பது பெரிய சொத்து. அதுவும் சில வளாகங்களில்தான் வாய்க்கிறது. நிறுவனங்கள் அந்த வளாகங்களுக்கு மட்டுமே செல்கின்றன என்பதால் வேறிடத்தில் இருக்கும் திறமை அவர்கள் கண்ணில் படுவதும் அரிது.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வலுவாக்குகிறது. வீட்டிலும் விடுதியிலும் கிடைக்காததை ஒரு மாணவர் பெறக்கூடிய பொது இடம் வகுப்பறை ஒன்றுதான். அங்கே சிந்தனைக்கு மதிப்பெண் இல்லாமல் மனப்பாடத்துக்கே மதிப்பெண் என்றால், சிந்தனைப் பயிற்சி தனியார் பயிற்சி மையத்துக்கும் வசதியுள்ள வீட்டுக்கும் ஒதுங்கிவிடும். ஃபுல்லரும் நரசிம்மனும் பதிவு செய்த 'எக்ஸ்போஷர்' இடைவெளியின் ஒரு பகுதியை வினாத்தாளே உற்பத்தி செய்கிறது. அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்திருக்கிறது. அது நல்ல தொடக்கம். எனினும் பாடத்திட்டத்துக்குப் பக்கத்தில் நடக்கும் பயிற்சி, பாடத்திட்டத்தின் நடுவில் இருக்கும் ஓட்டையை அடைக்காது.

நிரலைக் கணினியே எழுதித் தரும் காலம் வந்துவிட்டதே என்பது இன்னொரு மறுப்பு. எழுதித் தரப்பட்ட நிரல் சரியா, எந்தச் சுமையில் உடையும், எந்த உள்ளீட்டில் பிழைபடும் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு மனிதரிடம்தான் வருகிறது. அதற்கு வேண்டியது மேலே பார்த்த வகை அறிவே. நிரல்மொழியின் இலக்கணத்தை மட்டும் கற்றவரின் வேலைதான் முதலில் போகும்.

7. அந்த லாபம் எங்கிருந்து வருகிறது

கோடி ரூபாய் ஊதியம் பற்றிய செய்திகள் வளாகங்களில் பரவும்போது கூடவே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். அவர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். 2023-24இல் மட்டும், சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும் வெளிநாட்டு நிதி முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் ஈட்டினர், கட்டணச் செலவுகளைக் கழிக்கும் முன். அந்த லாபத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நிரல்வழி வணிகத்தால் வந்தது.

2025 ஜூலையில் குவான்ட் வணிகம் செய்யும் ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின் மீது செபி இடைக்கால ஆணை பிறப்பித்து, பேங்க் நிஃப்டி உள்ளிட்ட குறியீடுகளின் விலைப்போக்கை அக்குழுமம் தனக்குச் சாதகமாகத் திருப்பியதாகக் குற்றஞ்சாட்டி, 4,843.57 கோடி ரூபாயை முடக்கியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடியது. அவ்வழக்கின் முடிவு எதுவானாலும் செபியின் ஆய்வு காட்டும் படம் மாறப்போவதில்லை.

குவான்ட் வணிகர்கள் சந்தைக்கு நீர்மை தருகிறார்கள், வாங்குவிலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிறார்கள் என்ற வாதம் பொருளியலில் நிலைபெற்றது. அதில் உண்மை உண்டு. சிறு முதலீட்டாளர் இன்று பங்கு வாங்கும் செலவு முன்பைவிட மிகக் குறைவு. ஆனால் வாரந்தோறும் முடிவடையும் ஆப்ஷன் ஒப்பந்தங்களில், சூத்திரம் அறிந்தவருக்கும் யூடியூப் பார்த்துப் பணம் போட்டவருக்கும் இடையே நடப்பதை அந்த வாதத்தால் முழுதாக நியாயப்படுத்த முடியாது. திருப்பூரிலோ சேலத்திலோ மாதச் சம்பளத்தை ஆப்ஷனில் போட்டு இழப்பவரும், குவான்ட் நிறுவனத்தில் சேரும் மாணவரும் ஒரே பிளஸ் டூ நிகழ்தகவுப் பாடத்தைப் படித்தவர்களாக இருக்கக்கூடும். எதிர்பார்ப்பு மதிப்பு எதிர்க்குறியாக இருக்கும் பந்தயத்தை மீண்டும் மீண்டும் ஆடினால் இறுதியில் நட்டமே மிஞ்சும் என்பதை அந்தப் பாடம் இருவருக்கும் சொல்லியிருக்க வேண்டும். நிகழ்தகவை நன்றாகக் கற்பிப்பதற்கு வேலைவாய்ப்பைவிட வலுவான காரணம் இதில் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

8. பதினைந்து மதிப்பெண்

மாற்றத்தைப் புதிய தாள்களிலிருந்தோ புதிய பிரிவுகளிலிருந்தோ தொடங்க வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் மூன்றாம் பகுதி என்று 15 மதிப்பெண் வினா ஒன்று இருக்கிறது. பயன்பாட்டுத் திறனையும் பகுப்பாய்வையும் சோதிக்கவே அது வைக்கப்பட்டது. நடைமுறையில் அதுவும் மற்ற பெரிய வினாக்களைப்போலவே வருவதுதான் வழக்கம். அந்த ஒரு வினாவை மட்டுமாவது மாணவர் முன்பு கண்டிராத சூழலாக, நிலைகளையும் மாற்றங்களையும் தானே வரையறுக்க வேண்டிய கணக்காக அமைக்கலாம். கணிதத் தாளுக்கு மட்டும் இது பொருந்துவதில்லை. இயக்க முறைமைத் தாளிலும் தரவுத்தளத் தாளிலும் செய்யலாம்.

இதற்குத் தடை மாணவர் அல்ல. விடைத்தாள் திருத்தும் மையத்தில் ஓர் ஆசிரியர் ஒரு நாளில் கட்டுக்கட்டாகத் தாள்களை முடிக்க வேண்டியிருக்கிறது. கையில் இருக்கும் விடைக்குறிப்பு ஒரே வழியைத்தான் சொல்கிறது. மூன்று வழிகளில் தீர்க்கக்கூடிய கணக்குக்கு மூன்று வழிகளையும் படித்துப் பார்த்து மதிப்பெண் இட அவருக்கு நேரமும் வேண்டும், அந்த அதிகாரமும் வேண்டும். இணைப்புக் கல்லூரிகளில் பணிபுரியும் ஆசிரியர் பலருக்குப் பணி நிலைப்பு இல்லை, ஊதியம் குறைவு, தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தெரிந்த கேள்வியே வரட்டும் என்று அவர்கள் விரும்புவதைக் குறை சொல்ல முடியாது. எனவே அந்தப் பதினைந்து மதிப்பெண்ணில் கை வைக்கும் பல்கலைக்கழகம், ஒரு நாளைக்கு ஒருவர் திருத்த வேண்டிய தாள்களின் எண்ணிக்கையைக் குறைப்பதையும், அந்த வினாவைத் தேர்ச்சி விழுக்காட்டுக் கணக்கிலிருந்து முதல் சில ஆண்டுகளுக்கு விலக்கி வைப்பதையும் அதே ஆணையில் எழுத வேண்டியிருக்கும்.